ஆர்க்டிக் பனிக்கு அடியில் கடல்நீரின் வெப்பநிலையையும் உப்பையும் எப்படி அளக்கிறார்கள்?

உப்புத்தன்மை என்பது ஒரு கிலோ கடல்நீரில் எத்தனை கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. பெருங்கடல்களில் சராசரியாக 35 கிராம். ஆர்க்டிக்கின் மேல்மட்டத்தில் இது குறைவு. பெரிய ஆறுகளின் நீரும் பனி உருகிய நீரும் அங்கே கலக்கின்றன.

உப்பை யாரும் காய்ச்சி எடை போடுவதில்லை. உப்பு கூடினால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஆகவே மின்கடத்துதிறன், வெப்பநிலை, அழுத்தம் மூன்றையும் அளந்து உப்பைக் கணக்கிடுகிறார்கள். அழுத்தமே ஆழத்தையும் சொல்லிவிடும்.

சரி, பனிக்கு அடியில்? பனியில் துளையிட்டு, மேலே ஒரு மிதவையை வைத்து, அதிலிருந்து சுமார் 750 மீட்டர் கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். உணர்கருவி அந்தக் கம்பியில் லிஃப்ட் போல ஏறி இறங்கும்; ஒவ்வொரு மாடியிலும் நின்று எட்டிப் பார்க்காமல், போகிற போக்கிலேயே அளந்துகொண்டு போகும். தரவு செயற்கைக்கோள் வழியாக வந்துவிடும். 2004 முதல் இப்படித்தான் நடக்கிறது. பனி நகர்ந்தால் கருவியும் கூடவே நகரும், அதுதான் இதில் அழகு.

ஆழம் போகப் போகக் குளிர் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே தலைகீழ்: பனியை ஒட்டிய நீர் பூஜ்யத்துக்குக் கீழே இருக்க, சில நூறு மீட்டர் ஆழத்தில் அட்லாண்டிக்கிலிருந்து வந்த, அதைவிடச் சற்றே வெப்பமான நீர், உப்பு அதிகம் என்பதால் கனமாகி அந்தக் குளிர்நீருக்கு அடியிலேயே தங்கியிருக்கிறது.