ஜன்னலோரத் தொட்டியில் பூண்டு வளருமா?

கேள்வி: சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பால்கனி கிடையாது, கிழக்குப் பார்த்த சமையலறை ஜன்னல் மட்டும்தான். வீடியோ பார்த்து டம்ளர் தண்ணீரில் பூண்டை வைத்தேன். முளை வந்தது, ஆனால் ஒரு வாரத்தில் அடிப்பக்கம் கொழகொழவென்று ஆகி நாற்றமடித்துவிட்டது. மண் தொட்டியில் வைத்தால் முழுப் பூண்டு கிடைக்குமா?

பதில்: முழுப் பூண்டு கிடைப்பது கஷ்டம். பூண்டுத்தாள் தாராளமாகக் கிடைக்கும். அதற்காகவே வளர்க்கலாம் என்பது என் கருத்து.

பூண்டு குளிர்காலப் பயிர். சில வாரமாவது நல்ல குளிர் பட்டால்தான் அது பல் பல்லாகப் பிரிந்து திரளும். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் பகல் பொழுது சென்னையைவிட நீளம் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக் குளிர்தான் அங்கே வேலை செய்கிறது. சென்னை சமையலறையில் மார்கழியிலும் அந்தக் குளிர் வராது. வெறுமனே நட்டுவிட்டு நான்கு மாதம் காத்திருந்தால் பெரும்பாலும் இலை வரும், அடியில் சுண்டைக்காய் அளவில் ஒற்றைப் பல் உருண்டை இருக்கும். தின்னலாம், தப்பில்லை. ஆனால் அதற்காக நான்கு மாதம் ஜன்னலை அடைத்துவைக்க வேண்டுமா?

தாள் அப்படியில்லை. பல்லுக்குள் இருக்கும் உணவே முதல் இலைகளுக்குப் போதும் என்பதால் நட்ட பிறகு தனியாக உரம் போட வேண்டியதில்லை. மூன்று வாரத்தில் அறுக்கலாம்.

தொட்டி அரை அடி ஆழம் இருந்தால் போதும், அடியில் ஓட்டை மட்டும் அவசியம். ஐஸ்கிரீம் டப்பாவில் சூடான கம்பியால் நான்கு ஓட்டை போட்டாலும் சரி. செம்மண், தென்னை நார்த்தூள், மண்புழு உரம் மூன்றும் சம அளவு கலந்துகொள்ளுங்கள். நார்த்தூள் கட்டியில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு தடவை பிழிந்து அலசிய பிறகே சேருங்கள்.

விதைக்கு வீட்டில் முளைகட்டிக் கிடக்கும் பூண்டே நல்லது. பெரிய பற்களாக எடுங்கள், தோலை உரிக்க வேண்டாம். ஒரு பல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஒரு முனை கூர்மை, மறுமுனை தட்டையாக, காய்ந்த தழும்பு போல் சொரசொரப்பாக இருக்கும். வேர் விடுவது அந்தத் தட்டைப் பக்கம், அது கீழே போக வேண்டும். கூர்முனை மண்ணுக்குள் லேசாக மறைந்தால் போதும். தாளுக்குத்தானே, இரண்டு விரல் இடைவெளியில் நெருக்கி நடலாம். நீலம் பூத்த பல், அழுத்தினால் அமுங்கும் பல் இரண்டையும் தூரப் போடுங்கள். ஒன்று பக்கத்துப் பல்லையும் கெடுக்கும்.

உங்கள் டம்ளரில் நடந்தது, பல் முழுவதும் தண்ணீரில் முங்கியதால் வந்த அழுகல். வேர்ப்பகுதி மட்டும் நனைய வேண்டும், தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். அப்படியே செய்தாலும் ஒரு அறுப்போடு பல் வற்றிப்போகும். மண்ணிலும் இதே கதைதான்: அதிகத் தண்ணீர்தான் எமன். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னக் கொசு மாதிரிப் பூச்சி மொய்க்கும்.

கிழக்கு ஜன்னலின் காலை வெயில் தாளுக்குப் போதும். செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் தொட்டியைத் திருப்பிவையுங்கள். வெளிறி நூல்போல் வளர்ந்தால் வெளிச்சம் பற்றவில்லை என்று அர்த்தம். சாதாரண வெள்ளை எல்.இ.டி. பட்டை விளக்கை ஒரு சாண் உயரத்தில் கட்டி, பகல் முழுக்க எரியவிடலாம்.

தாள் ஒரு சாண் வளர்ந்ததும், அடியில் இரண்டு விரல் அளவு விட்டுக் கத்தரியால் அறுங்கள். மறுபடி துளிர்க்கும், ஆனால் இரண்டாவது அறுப்பு மெலிந்துதான் இருக்கும். அப்போது ஒரு பல்லைப் பிடுங்கிப் பார்த்தால் சதை வற்றி வெறும் தோலாக இருக்கும். அதில் இனி ஒன்றுமில்லை, புதுப் பல் நடுங்கள். இரண்டு டப்பாவில் பத்து நாள் இடைவெளி விட்டு நட்டால் தாள் விட்டுப்போகாது.

முழுப் பூண்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஒரு வழி உண்டு. ஆகஸ்ட் கடைசியில் முழுப் பூண்டைக் காகிதப் பையில் போட்டு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் ஆறிலிருந்து எட்டு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். வெளியே எடுத்த கையோடு பல் பிரித்து, அரை சாண் இடைவெளியில் நடுங்கள். இதற்கு சமையலறை ஜன்னல் வெயில் பற்றாது. மொட்டைமாடியில் தொட்டி வைக்க வீட்டுக்காரர் சம்மதித்தால் முயன்று பாருங்கள். அப்போதும் கடைப் பூண்டைவிடச் சிறியதாகத்தான் வரும்.

சமைக்கும்போது தாளைக் கடைசியில் பொடியாக நறுக்கித் தூவுங்கள், வெகுநேரம் கொதித்தால் மணம் போய்விடும். முட்டைப் பொரியலுக்கும் அடை மாவுக்கும் பிரமாதம். மிஞ்சியதை எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெயில் உயிருக்கே ஆபத்தான நச்சுக்கிருமி வளர வாய்ப்புண்டு. வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள். பூண்டு, தாள் இரண்டுமே அவற்றுக்கு விஷம்.