எதிர் வீட்டு லிண்டா: வாசகர் கேள்வி-பதில்

நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த என் மருமகள், பேரனுக்குச் சோறூட்டும்போது விரல்களை மடக்கி நீட்டி என்னென்னவோ காட்டுகிறாள். கேட்டால், "சின்ன வயசுல லிண்டாகிட்ட கத்துக்கிட்டேன் அத்தை" என்கிறாள். டிவியில் வந்தவராம். யார் அந்த லிண்டா?
*ஒரு மாமியார், கும்பகோணம்*

உங்கள் மருமகளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளுடைய சின்ன வயதுச் சாயங்காலங்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். 1979-இல் கல்யாணமாகி நானும் அதே நியூஜெர்சியில்தான் போய் இறங்கினேன். மகனுக்கு நாலு வயதானபோது, டிவியில் தினமும் ஒரு மணி நேரம் 'செசமி ஸ்ட்ரீட்' ஓடும். ஒரு தெருவும் அதில் குடியிருக்கிற மனிதர்களும் பொம்மைகளுமாக நடக்கிற குழந்தைகள் நிகழ்ச்சி அது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் குழம்பு வைப்பேன்.

லிண்டா அந்தத் தெருவில் வருகிற நூலகர். நடித்தவர் லிண்டா போவ். அவரும் நியூஜெர்சிக்காரர்தான், கார்ஃபீல்டு ஊரில் 1945-இல் பிறந்தவர். அப்பா அம்மா இருவருக்கும் காது கேட்காது, இவருக்கும் கேட்காது. ஆக, வீட்டு மொழியே சைகை மொழி. வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கேலடெட்டில் படித்து, 1967-இல் தொடங்கிய தேசிய காது கேளாதோர் நாடகக் குழுவில் நடித்தார். 1971-இல் செசமி ஸ்ட்ரீட்டில் தலைகாட்டினார். அப்புறம் நிரந்தரப் பாத்திரமாகி, 2002 வரைக்கும் அந்தத் தெருவிலேயே குடியிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சைகையில் பேசுவார். பக்கத்தில் இருக்கிற தெருக்காரர்கள் பாபோ மரியாவோ அதை வாய்விட்டுச் சொல்வார்கள், பதிலைத் தாங்களும் கையால் காட்டுவார்கள். "இப்போது சைகைப் பாடம்" என்று மணி அடித்து ஆரம்பித்த நாட்கள் குறைவு. நூலகத்தில் கதை சொல்வார், பார்க்லி என்கிற சடை நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பார், கடையில் சாமான் வாங்குவார். அந்தத் தெருவின் இசை வாத்தியார் பாபோடு மெல்லிசாக ஒரு காதல் வேறு. காது கேட்காத பெண்ணுக்கு ஜோடி இசை வாத்தியார் என்று யோசித்தவர் யாரோ, அவருக்குக் குறும்பு ஜாஸ்தி.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. காலையில் எழுந்து தெருவைக் கடந்துவிட்டாளே, என்ன தைரியம் என்கிற ரீதியில் தனக்குக் காட்சி எழுதினார்கள் என்று லிண்டாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். நான் சிரிப்பேன், கோபப்படுவேன், அதையும் எழுதுங்கள் என்பது அவருடைய கட்சி. அந்த ஒரு பிடிவாதத்தால்தான் என் மகனுக்கு அவர் "பாவம் அந்த ஆன்ட்டி" ஆகவில்லை. எதிர் வீட்டு ஆன்ட்டி ஆனார்.

எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவாகத் துணி துவைக்கும் மெஷின் அறை உண்டு. 1985 குளிர்காலம். கிழவி ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் 'எக்ஸ்க்யூஸ் மீ' என்று மூன்று தடவை சொன்னேன், திரும்பவில்லை. சரியான திமிர் பிடித்த கிழவி என்று நினைத்தேன். என் மகன் அவர் முன்னால் போய் நின்று, இரண்டு ஆள்காட்டி விரலையும் கொக்கி மாதிரி மாட்டினான். திருப்பி இன்னொரு தடவை மாட்டினான். அமெரிக்கச் சைகை மொழியில் 'நண்பர்' என்று அர்த்தம். அவனுக்குத் தெரிந்ததே பத்துப் பதினைந்து சைகைதான். கிழவி மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்து, அவனோடு கையால் என்னவோ பேச ஆரம்பித்துவிட்டார். பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. தலையை மட்டும் நன்றாக ஆட்டினான்.

எனக்குத்தான் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. என் சித்தி மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அவளைத் தங்கிப் படிக்க அனுப்பிய பள்ளியில் கையை அசைத்தால் விரல் முட்டியில் ஸ்கேல் அடி விழும். உதட்டைப் பார், வாயால் சொல் என்பார்கள். அவர்களாகக் கண்டுபிடித்த கொடுமை இல்லை இது. 1880-இல் இத்தாலியின் மிலானில் ஆசிரியர்கள் மாநாடு கூட்டி, சைகை வேண்டாம், வாய்ப்பேச்சுதான் உசத்தி என்று தீர்மானம் போட்டார்கள். அதில் காது கேட்காதவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அந்தத் தீர்மானம் கடல் தாண்டி வந்து எங்கள் அக்கா கையில் விழுந்தது. விடுமுறைக்கு வந்தால், தோட்டத்துப் பக்கம் போய் யாரும் பார்க்காதபோதுதான் என்னோடு கையால் பேசுவாள். அவள் ஒளித்து ஒளித்துச் செய்ததை இங்கே ஒருத்தி டிவியில், பட்டப்பகலில், சிரித்துக்கொண்டே செய்கிறாள்!

மருமகளிடம் அதே நிகழ்ச்சியில் வருகிற பிக் பேர்டைப் பற்றியும் கேளுங்கள். அந்தப் பெரிய மஞ்சள் பறவைப் பொம்மையால் லிண்டாவோடு சரியாகக் கையால் பேச முடியாது. உள்ளே இருந்து ஆட்டியவரின் ஒரு கை தலையைத் தூக்கிப் பிடித்திருக்கும். அதனால் ஒரு சிறகில்தான் நிஜக் கை. இன்னொன்று தூண்டில் நரம்பில் கட்டித் தொங்குவது.

வாய் திறக்காதவரைக் குழந்தைகள் நிகழ்ச்சியில் போட்டால், பார்க்கிற பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகாதா? பயமாக இருக்கிறது.
*இரண்டு வயதுப் பெண்ணின் தாய், ஈரோடு*

ஆகாது. கை காட்டுவதால் பேச்சு நின்றுவிடும் என்பது மேலே சொன்ன ஸ்கேல்காரர்களின் பயம். நம் வீடுகளில் 'டாட்டா' காட்டவும், 'சாமி கும்பிடு' என்றால் கை கூப்பவும் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்பே பழக்குகிறோம். அதனால் எந்தப் பிள்ளைக்குப் பேச்சு நின்றது? பெயர் சொல்லிக் கூப்பிட்டும் குழந்தை திரும்பவில்லை என்றால் மட்டும் டிவியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்காமல் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். அதைத் தள்ளிப்போடவே கூடாது.

என் மகள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஏ, பி, சி முழுக்க ஒரே கையால் காட்டுகிறாள். எங்கள் தெருவில் காது கேட்காத பையன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் காட்டினால் விழிக்கிறான். ஏன்?
*ஒரு தகப்பன், திருநெல்வேலி*

விழிக்காமல் என்ன செய்வான்? அது அவன் மொழி இல்லை. சைகை உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்கச் சைகை மொழிக்குத் தாய் வழி பிரான்சு. 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் காது கேளாதோர் பள்ளி தொடங்கியபோது பாரிசிலிருந்து வந்த ஆசிரியர் லாரன் க்ளேர் கொண்டுவந்தது. நம்மூரில் ஆங்கில எழுத்துகளை இரண்டு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் போல. சொற்களும் வேறு. 'அம்மா' என்பதற்கு அமெரிக்காவில் விரித்த கையின் கட்டைவிரலை மோவாயில் வைப்பார்கள். இந்தியச் சைகை மொழியில் பெண் என்றால் மூக்குத்தி இடம், ஆண் என்றால் மீசை. பார்த்த மாத்திரத்தில் நம் ஊர் என்று தெரிகிறதா!

டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மையம் போட்ட அகராதியில் 2021-லேயே பத்தாயிரம் சொற்கள் சேர்ந்துவிட்டன. வீடியோவாகவே பார்க்கலாம். 2024 டிசம்பரில் மத்திய அரசின் கல்வி டிவி சானல்களான 'பிஎம் இ-வித்யா' வரிசையில் 31-ஆம் சானலைச் சைகை மொழிக்கென்றே தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. நம் டிவியில் சைகை என்றாலே திரை மூலையில் ஒரு வட்டம், அதற்குள் கறுப்புச் சட்டை போட்டு ஒருவர் மொழிபெயர்ப்பார். அவர் கதைக்குள் வரமாட்டார், ஐஸ்கிரீம் வாங்கமாட்டார், நாய் வளர்க்கமாட்டார். பாடம் எடுக்க ஆள் கிடைத்தாயிற்று. தெருவில் குடியிருக்க ஒரு லிண்டா எப்போது வருவார்?

முதலில் மகளை அந்தப் பையனிடம் அனுப்பி, அவன் பெயரை அவனே எப்படிக் காட்டுகிறான் என்று பார்த்துவரச் சொல்லுங்கள். அகராதியை அப்புறம் பார்க்கலாம்.

லிண்டாவுக்குப் பிறகு அப்படி யாரும் வரவில்லையா?
*கல்லூரி மாணவி, மதுரை*

என் கண்ணில் நின்றவர் பிரிட்டனின் நடிகை ரோஸ் எய்லிங்-எல்லிஸ். 2021-இல் பிபிசியின் நடனப் போட்டியில் முதலிடம் பிடித்தவர். அங்கே போட்டியிட்ட முதல் காது கேளாதவரும் அவரே. அடுத்த ஆண்டு, சின்னக் குழந்தைகளுக்கான சிபீபீஸ் சானலின் தூங்கப்போகும் நேரக் கதையை முழுக்கச் சைகையில் சொன்னார்.

கதை எழுதியவர் கவிஞர் ரேமண்ட் ஆன்ட்ரபஸ், அவரும் செவித்திறன் குறைந்தவர்தான். குட்டிக் கரடி ஒன்றிடம் எல்லோரும் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்கு "கேன் பேர்ஸ் ஸ்கீ?" என்று விழுகிறது, கரடிகள் பனிச்சறுக்குமா? இது என்ன கேள்வி என்று குட்டி குழம்புகிறது. உண்மையில் அவர்கள் கேட்டது "கேன் யூ ஹியர் மீ?", நான் சொல்வது கேட்கிறதா?

தமிழில் இந்த மயக்கத்தை எப்படிக் கொண்டுவருவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். 'கேக்குதா' என்பது குட்டிக்குக் 'கேக்கு தா' என்று விழுந்தால் சரிப்படுமா? இதைவிட நல்லதாகத் தோன்றினால் எழுதி அனுப்புங்கள்.