டப்பாவையும் எடுத்து வாருங்கள்

வாசகர் கேள்வி – தோல் டாக்டர் பதில்

இந்த மாதம் என் மேசைக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சாயம், பொட்டு, முகப்பூச்சு பற்றியவை. முகூர்த்தங்கள் நெருங்கினால் அப்படித்தான். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். ஆவணி பிறந்தால் வீங்கிய முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வருகிறவர்கள் வரிசையில் கூடிவிடுவார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, "டப்பா எங்கே?" வீட்டில் இருக்கிறது என்பார்கள். போய் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். திட்டும் வாங்கியிருக்கிறேன்.

*

"டாக்டர் அம்மா, நான் தலைமை ஆசிரியர். வயது 57. பன்னிரண்டு வருடமாக ஒரே நிறுவனத்தின் டையைத்தான் மாதம் ஒருமுறை தலைக்கு அடிக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு அடித்தேன். மறுநாள் காது மடல் அரித்தது. கல்யாணத்தன்று காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. போட்டோவில் எல்லாம் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கிறேன். முந்தின நாள் சாப்பிட்ட மீன் குழம்புதான் காரணம் என்கிறாள் என் மனைவி. இத்தனை வருடம் ஒன்றும் செய்யாத டை இப்போது எப்படிச் செய்யும்? இனி மூலிகை டைக்கு மாறிவிடலாமா?"
– வாசகர், விருதுநகர்

மீன் குழம்பின் மேல் பழி போடாதீர்கள் சார். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கத் தடிப்பாக வரும். உங்களுக்கு வந்தது காது மடலில் தொடங்கி, இரண்டு நாள் கழித்துக் கண்ணில் முற்றியிருக்கிறது. சாயம் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

கறுப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இருக்கும் சரக்கு பாரா ஃபினைலின் டையமின். சுருக்கமாக பிபிடி. பன்னிரண்டு வருடம் பேசாமல் இருந்தது எப்படி என்று கேட்கிறீர்கள். வாசல் நாய் தபால்காரரைப் பார்த்துப் பல வருடம் வாலாட்டும். ஒரு நாள் கடித்துவிடும். அதற்குப் பிறகு தெருமுனையில் அவர் சைக்கிளைக் கண்டாலே குரைக்கும். தோலின் காவல் அணுக்களும் இப்படித்தான். ஒரு பொருளை எதிரி என்று எப்போது முடிவு செய்யும் என்று சொல்ல முடியாது. முடிவு செய்துவிட்டால் மறப்பதில்லை. ஆகவே "வருடக்கணக்காகப் பழகிய பொருள்" என்பது குற்றமற்றது என்பதற்குச் சாட்சி ஆகாது. அடுத்த முறை இன்னும் சீக்கிரம், இன்னும் கடுமையாக வரும்.

தலையில் அடித்தது கண்ணில் ஏன் வீங்குகிறது? மண்டைத் தோல் தடிமன். இமைத் தோல் வெங்காயச் சருகு போல மெல்லியது. வழிந்து இறங்கிய சாயம் கொஞ்சமாக இருந்தாலும் அங்கே பதில் பெரிதாக இருக்கும்.

மூலிகை டை என்கிறீர்களே, இங்கேதான் எனக்குக் கோபம் வரும். அட்டையில் மருதாணி இலைப் படம் போட்டு, உள்ளே பிபிடியைக் கலந்து விற்கும் பொடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மருதாணி மட்டும் அரைத்துப் பூசினால் முடி செம்பட்டையாகும், ஒருநாளும் கறுக்காது. அதன் மேல் அவுரி இலையை அரைத்துப் பூசினால் கறுக்கும், ஆனால் அது மணிக்கணக்கில் நடக்கிற வேலை. அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் "மருதாணி"யில் மருதாணி மட்டும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் பிள்ளைகள் கையில் போடும் கறுப்பு மெஹந்திக்கும் இதே பேச்சுதான். எட்டு வயதில் கையில் கோலம் போட்ட இடம் கொப்புளித்தால், நாற்பது வயதில் தலைக்குச் சாயம் அடிக்கும்போது அது நினைவு வைத்திருக்கும்.

முடியில் ஏறி நன்றாக உலர்ந்துவிட்ட சாயம் பெரும்பாலும் தொல்லை தராது. மொட்டை போட்டுக்கொள்ள ஓடாதீர்கள். மருந்துச்சீட்டின் முதல் பக்கத்தில் "பிபிடி ஒவ்வாமை" என்று எழுதி வையுங்கள். தொண்டை வலி மாத்திரைகளிலும் மரத்துப்போகச் செய்யும் களிம்புகளிலும் இருக்கும் பென்சோகெயின், சல்பா மருந்துகள் இவை எல்லாம் அதற்குத் தூரத்து உறவு. சிலருக்கு இவற்றாலும் கிளம்பும். எந்த டாக்டரிடம் போனாலும் சொல்லுங்கள், பல் டாக்டரிடமும். வீட்டிலேயே கையில் தடவிச் சோதித்துப் பார்க்கும் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். மூச்சு இழுத்தாலோ, நாக்கோ தொண்டையோ வீங்கினாலோ எனக்குக் கடிதம் எழுதக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும்.

நரைத்த தலையோடு பள்ளிக்கூடம் போங்கள். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பயப்படுவார்கள்.

*

"இருபது வருடமாக ஸ்டிக்கர் பொட்டுதான் வைக்கிறேன். பொட்டு வைக்கும் இடத்தில் சரியாக அதே வட்டத்தில் வெள்ளையாகிவிட்டது. வெண்குஷ்டமா? வெளியே சொல்லப் பயமாக இருக்கிறது."
– வாசகி, சிவகங்கை

முதலில் அந்தச் சொல்லை விடுங்கள் அம்மா. குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. யாருக்கும் ஒட்டவும் செய்யாது.

என் அம்மாவுக்கு இது வந்தது. நான் தோல் மருத்துவம் மேற்படிப்பு முடித்த வருடம். ஊரிலிருந்து வந்தவள் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பெரிய பொட்டாக எடுத்து ஒட்டினாள். முன்பெல்லாம் மிளகு அளவில் வைப்பவள், அப்போது எட்டணாக் காசு அளவுக்கு வந்திருந்தாள். ஏதோ புது நாகரிகம் என்று நானும் கேலி செய்தேன். இரவு தூங்கும்போது பொட்டைக் கழற்றிக் கதவில் ஒட்டியபோதுதான் பார்த்தேன், நெற்றி நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல ஒரு வெள்ளை. அதை மறைக்கத்தான் பொட்டு பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய வெள்ளை, அதை மறைக்க அதைவிடப் பெரிய பொட்டு. மகள் தோல் டாக்டர், அம்மாவுக்குச் சொல்லக் கூச்சம்.

குற்றவாளி பெரும்பாலும் பொட்டின் நிறமல்ல, பின்பக்கத்துப் பசை. சில பசைகளில் இருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் நிறம் தரும் அணுக்களையே கொன்றுவிடும். சிலருக்கு முதலில் அரிப்பு வரும், சிலருக்கு எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நேரே வெளுக்கும். ஸ்டிக்கர் பொட்டை இன்றே நிறுத்துங்கள். இடத்தை மாற்றிப் புருவத்துக்கு மேலே ஒட்டுவது தீர்வல்ல, அங்கேயும் ஒரு வட்டம் விழும். சீக்கிரம் நிறுத்தினால் களிம்பு வைத்தியத்தில் பலருக்கு நிறம் திரும்புகிறது, எல்லோருக்கும் அல்ல. என் அம்மாவுக்கு முக்கால்வாசி திரும்பியது. நீங்கள் பயப்படும் அந்த வியாதியின் சரியான பெயர் வெண்புள்ளி; அதுவும் இதே போலத் தோன்றும் என்பதால் ஒரு தோல் டாக்டரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.

குங்குமத்துக்கு மாறலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். மஞ்சள், எலுமிச்சைச் சாறு, படிகாரம், வெண்காரம் சேர்த்துச் செய்யும் பழைய முறைக் குங்குமம் பெரும்பாலோருக்குத் தொல்லை தருவதில்லை. பளீரென்று சிவக்கும் மலிவுக் குங்குமத்தில் ஆலைச் சாயம் கலந்திருக்கலாம். அது பெரும்பாலும் நெற்றியை வெளுக்க வைக்காது, நேர்மாறாகக் கருக்கும்.

*

"அக்கா கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து நாள். பார்லரில் பிளீச் செய்தார்கள், முகம் நெருப்பாக எரிகிறது. பாட்டி மஞ்சள் பூசச் சொல்கிறார், அத்தை கற்றாழை, சித்தி எலுமிச்சையும் தயிரும். எதை முதலில் போடுவது?"
– கல்லூரி மாணவி, திருவாரூர்

எதையும் போடாதே அம்மா. மூன்று பேரிடமும் டாக்டர் திட்டினார் என்று சொல்லிவிடு.

பூசியவுடனே எரிந்தால் பெரும்பாலும் அது எரிச்சல், அதாவது ரசாயனம் தோலைச் சுட்டிருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் கழித்து அரித்தால் ஒவ்வாமை என்று சந்தேகப்பட வேண்டும். சுட்ட தோலில் எலுமிச்சைச் சாறு புண்ணில் புளி கரைத்து ஊற்றுவது போல. அதோடு வெயிலில் போனால் அந்த இடம் கருத்துப்போகும். கற்றாழையை வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலே சிலருக்கு எரிச்சல் தரும். மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் ஒவ்வாமை உள்ளவர்களை நானே பார்த்திருக்கிறேன். பாட்டி சொன்னாலும் தோலுக்குத் தெரியாது, அது பாட்டி வைத்தியம் என்று.

வீட்டில் பழைய பருத்தி வேட்டி இருக்கும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. அதில் ஒரு முழம் கிழித்துக்கொள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து நன்றாக ஆறவிடு. துணியை நனைத்து, சொட்டாத அளவு பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் படு. துணி சூடாகிவிட்டால் மறுபடி நனைத்துக்கொள். நாளுக்கு நான்கு முறை. ஐஸ் கட்டி வேண்டாம். எடுத்தபின் ஈரம் காய்வதற்குள் மணமில்லாத வாசலின் ஒரு மெல்லிய பூச்சு. சோப்பு, பவுடர், ஃபேஸ்வாஷ் எல்லாம் ஐந்து நாளைக்கு விடுமுறை. கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால், அல்லது இரண்டு நாளில் தணியாவிட்டால் டாக்டரிடம் போ. மேக்கப் போடுகிறவர் கல்யாணத்தன்று உன் முகத்தைத் தொடக் கூடாது. கண்ணுக்கு மை, தலைக்குப் பூ, போதும். எப்படியும் எல்லோரும் உன் அக்காவைத்தான் பார்ப்பார்கள்.

*

"சிவப்பாவதற்கு மருந்துக்கடைக்காரர் ஒரு களிம்பு கொடுத்தார். ஒரு மாதம் முகம் பளபளத்தது. ஏழு மாதம் ஆகிறது. இப்போது வெயிலில் போனால் முகம் எரிகிறது, பரு கொட்டுகிறது. நிறுத்தினால் மூன்றாம் நாள் இரண்டு மடங்காகிறது."
– வாசகர், ஓசூர்

தம்பி, நம் ஊரில் வெளுப்புக்குச் சிவப்பு என்று பெயர். நீங்கள் கேட்டது ஒன்று, களிம்பு கொடுத்தது மற்றொன்று, நிஜமாகவே சிவந்துவிட்டது.

டியூபின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் பார்க்கவும். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் இவற்றில் ஒன்று இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. எக்சிமா என்ற அரிப்புப் படைக்கு நாங்களே எழுதித் தரும் நல்ல மருந்துகள்தான். முகத்தில் மாதக்கணக்கில் தடவ அல்ல. தோல் மெலிந்து, மெல்லிய ரத்தக் குழாய்கள் சிவப்பு நூலாகத் தெரியும், முடி முளைக்கும். களிம்பு இல்லாமல் தோல் இருக்க முடியாத நிலை வரும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. கடையில் சீட்டு கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள்.

நிறுத்தியதும் மோசமாவதை ஒவ்வாமை என்று நினைத்துத்தான் எல்லோரும் மறுபடி தடவுகிறார்கள். டாக்டரின் கண்காணிப்பில் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பல மாதம் ஆகலாம். வெயிலில் குடையோ தொப்பியோ இல்லாமல் இறங்காதீர்கள்.

*

"கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறது. பின்பக்கம் நெயில் பாலிஷ் பூசிப் போட்டால் சரியாகும் என்கிறார்களே?"
– வாசகி, சேலம்

கவரிங்கில் கலந்திருக்கும் நிக்கல் என்ற உலோகத்துக்கு ஒவ்வாமை. பூச்சு உரியும் வரை வேலை செய்யும். வியர்வை பட்டால் சீக்கிரம் உரியும். ஊக்கு, ஜீன்ஸ் பித்தான், கைக்கடிகாரத்தின் பின்பக்கம் இவையும் அரிக்கிறதா என்று பாருங்கள். நெயில் பாலிஷ் பற்றி அடுத்த பதிலையும் படித்துவிடுங்கள்.

*

"ஆறு மாதமாக இரண்டு கண் இமையிலும் அரிப்பும் செதிலும். மை, ஐலைனர், ஃபேஸ்வாஷ், ஷாம்பு, தலையணை உறை வரை மாற்றிவிட்டேன். 'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தராது, என்று போட்டதைத்தான் வாங்குகிறேன். வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறேன், எல்லோரும் அழுதீர்களா என்கிறார்கள்."
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் கடிதத்தை வெளியிடக் காரணம் அதன் கடைசி வரி. "கண்ணைக் கசக்கிக் கசக்கி நகப்பூச்சுகூட ஓரத்தில் உரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள்.

நகப்பூச்சில் பளபளப்புக்காகச் சேர்க்கும் பிசின் ஒவ்வாமை தரும்போது நகத்தைச் சுற்றி ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். விரல்தோல் தடித்தது. ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை கை முகத்துக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். இமை, கன்னம், கழுத்துப் பக்கம், அங்கேதான் படை கிளம்பும். ஆறு மாதமாக நீங்கள் கண்ணைச் சுற்றியே தேடியிருக்கிறீர்கள்.

உறுதி செய்ய ஒட்டுச் சோதனை இருக்கிறது. ஜெர்மன் டாக்டர் யாடாசோன் 1895-ல் சொன்ன முறை, இன்றும் அடிப்படை அதுவே. சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் பிளாஸ்டரால் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது. பிரித்து ஒருமுறை, நான்காம் நாள் மறுபடியும் பார்ப்போம். உங்களைப் போலவே இமையோடு அலைந்த ஓர் ஆசிரியைக்கு இருபது வட்டங்களில் பத்தொன்பது வெறுமையாக இருந்தன. ஒன்று மட்டும் முதலில் லேசாகச் சிவந்து, நான்காம் நாள் கம்பு விதை அளவில் கொப்புளங்களாக நின்றது. அது நகப்பூச்சுப் பிசின். கண்ணாடியில் முதுகைக் காட்டினேன். நம்பாமல் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைப்போஅலர்ஜெனிக் என்ற சொல்லுக்கு நிர்ணயிக்கப்பட்ட பொருள் எதுவும் கிடையாது; விற்பவர் தன் சரக்குக்குத் தானே கொடுத்துக்கொள்ளும் நற்சான்று. புதிதாக ஒரு கிரீம் வாங்கினால் முழங்கையின் உட்புறத்தில் காசு அளவு இடத்தில் காலை, மாலை ஒரு வாரம் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். கழுவிவிடும் ஷாம்பு, சோப்புக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

உங்கள் பக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஒட்டுச் சோதனை செய்கிறார்களா என்று தோல் பிரிவில் விசாரியுங்கள். அதற்கு முன்பு பத்து விரலையும் ரிமூவரால் துடைத்துவிட்டு, கால் விரல்களையும் சேர்த்து, ஆறு வாரம் பூசாமல் இருங்கள். இமைக்கு மணமில்லாத வாசலின் மட்டும். பிறகு எழுதுங்கள். அந்த நகப்பூச்சுப் புட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சோதனைக்கு வேண்டும்.