இசை கேள்வி – பதில்: தகரக் குழலும் க்வேலா பசங்களும்

கே: ஜோகன்னஸ்பர்க் தெருவுல சின்னப் பசங்க தகரக் குழல் ஊதுற பழைய வீடியோ ஒண்ணு பாத்தேன். குழலைப் பாத்தா பீச்சுல பிள்ளைங்களுக்கு வாங்கித் தர்ற ஊதல் மாதிரிதான் இருக்கு, ஆனா சத்தம் மட்டும் சாக்ஸபோன் கணக்கா கனமா வருது. எப்படி சார்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

ப: நீங்க பாத்தது க்வேலா. 1950கள்ல தென்னாப்பிரிக்காவையே ஆட்டி வச்ச தெரு இசை. அந்தக் குழலுக்குப் பேரு பென்னி விசில், ஆறே ஓட்டைதான், பின்னாடி கட்டைவிரல் ஓட்டை கூட கிடையாது. மவுத் ஆர்கன் பண்ற அதே ஜெர்மன் ஹோனர் கம்பெனி பண்ணி அனுப்புனது, விலை கம்மிங்கறதால கறுப்பினப் பசங்க கையில வந்து சேந்துச்சு.

சூட்சுமம் முழுக்க வாயிலதான் இருக்கு. சாதாரணமா விசிலை நேரா உதட்டுல வச்சு ஊதுவோம், காத்து உள்ள போய் நுனிகிட்ட இருக்கற வெட்டுல மோதும், சத்தம் வரும், அவ்வளவுதான். இவங்க குழலை ஒரு பக்கமா சாய்ச்சு, கொஞ்சம் திருப்பி, தலைப்பகுதிய கன்னத்துக்குள்ள தள்ளி, அந்த வெட்டு பாதி வாய்க்குள்ள போற மாதிரி வச்சுக்குவாங்க. சத்தம் பிறக்கற இடமே வாய்க்குள்ள வந்துடுதா, உடனே சுருதி கொஞ்சம் இறங்கும், கீச்சுக் குரல் போய் தடிப்பான குரல் வரும், கன்னத்தையும் உதட்டையும் அசைச்சே ஸ்வரத்தை வளைக்கலாம். அதுக்கு மேல ஓட்டையைப் பாதி மூடி ஊதுற வேலை வேற. வீடியோவுல எல்லாரும் தலையை ஒரு பக்கமா சாய்ச்சுட்டு இருப்பாங்களே, அது ஸ்டைலுக்காக இல்ல, அப்படி வச்சாதான் அந்தச் சத்தமே வரும்.

இந்த வித்தையைக் கொண்டு வந்தவர்னு பொதுவா சொல்றது கறுப்பினத்தவர் குடியிருந்த அலெக்சாண்ட்ரா டவுன்ஷிப்பைச் சேர்ந்த வில்லர்ட் செலேயை. 1951ல வந்த 'தி மேஜிக் கார்டன்' படத்துல அவர் ஊதுனதைப் பாத்துட்டுதான் ஊர்ப்பட்ட பசங்க விசில் வாங்க ஓடுனாங்க. பாவம், சின்ன வயசுலயே போயிட்டார். நம்ம ஊர்ல ஃப்ளூட் மாலி விரல் வைக்கற முறை, ஊதுற முறை ரெண்டையும் மாத்தி புல்லாங்குழலைப் பாட வச்சாரே, அதுக்கு நாம எவ்வளவு மரியாதை குடுக்கறோமோ அந்த மரியாதை செலேக்கும் சேரணும்னு நான் மனசார நினைக்கறேன்.

கே: இதுல பெரிய ஆளுங்க யாரு? நல்லா சம்பாதிச்சாங்களா?
– ஒரு வாசகி, ராயபுரம்

ப: முதல் பேரு ஸ்போக்ஸ் மஷியானே. 1933ல பிரிட்டோரியா பக்கம் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்ல வெள்ளைக்காரங்க வீட்டு சமையல்கட்டுல வேலை பாத்துட்டே ஊதுனவர். 1954ல ட்ரூடோன் கம்பெனிக்காக 'ஏஸ் ப்ளூஸ்' போட்டார், நாடு முழுக்க பிச்சுக்கிட்டு ஓடுச்சு. ஆனா அப்ப இருந்த பழக்கம் என்னன்னா, ரெக்கார்டிங்குக்கு வந்தியா, ஊதுனியா, கையில கொஞ்சம் காசை வாங்கிட்டுப் போயிட்டே இரு, ரெக்கார்டு எத்தனை வித்தாலும் அதுல உனக்கு ஒண்ணும் கிடையாது. 1958ல ஸ்போக்ஸ் காலோ கம்பெனிக்கு மாறும்போதுதான் ராயல்டி வாங்குனார், அந்த நாட்டுல அதை வாங்குன முதல் கறுப்பினக் கலைஞர்னு அவரைத்தான் சொல்றாங்க. 1965ல அமெரிக்காவுல நியூபோர்ட் ஃபோக் விழா வரைக்கும் போய் வாசிச்சார். 1972ல காலமானப்ப நாப்பது வயசு கூட ஆகல.

அடுத்து லெரோல் சகோதரர்கள், எலியாஸ், ஜாக். 'எலியாஸ் அண்ட் ஹிஸ் ஜிக் ஜாக் ஜைவ் ஃப்ளூட்ஸ்'ங்கற பேர்ல இவங்க போட்ட 'டாம் ஹார்க்' 1958ல பிரிட்டன் பாட்டு விற்பனைப் பட்டியல்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. அந்த ரெக்கார்டோட ஆரம்பத்தைக் கண்டிப்பா கேளுங்க, தெருவுல பசங்க சூதாடிட்டு இருப்பாங்க, போலீஸ் வேன் வருதுன்னு ஒருத்தன் சொன்னதும் டைஸை மறைச்சுட்டு விசிலை எடுத்து ஊத ஆரம்பிப்பாங்க. நிறவெறி ஆட்சி, கறுப்பினத்தவர் எப்பவும் அனுமதிச் சீட்டு வச்சிருக்கணும்ங்கற பாஸ் சட்டம், தெருவுல நின்னாலே பிடிச்சுட்டுப் போற காலம், அத்தனையும் அந்தச் சில வினாடில இருக்கு. லண்டன் வரைக்கும் போன பாட்டுக்கு இவங்க கையில வந்தது சொற்பம், பாட்டு எழுதுனவர்னு போட்டதும் புரொட்யூசர் ரூபர்ட் போபாபே பேரை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஜாக் மட்டும் விடாம பல வருஷம் வாசிச்சார், அடித்தொண்டையில உறுமிப் பாடுறதால 'பிக் வாய்ஸ்'னு பேரு, கடைசில தொண்டையில கேன்சர் வந்து 2003ல இறந்தார்.

லெம்மி 'ஸ்பெஷல்' மபாசோவை விட்டுடக் கூடாது. பொடிப் பையனா இருக்கும்போதே 'கிங் காங்' இசை நாடகத்துல விசில் ஊதி, 1961ல அந்தக் குழுவோட லண்டன் மேடை ஏறினவர்.

கே: அப்புறம் ஏன் அது காணாமப் போச்சு? இப்ப கேக்கணும், கத்துக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?
– ஒரு கல்லூரி மாணவர், வேளச்சேரி

ப: ஸ்போக்ஸே 1958ல 'பிக் ஜோ ஸ்பெஷல்'ல சாக்ஸபோனைக் கையில எடுத்தார், அது பெரிய ஹிட்டு, மத்தவங்களும் விசிலை வச்சுட்டு சாக்ஸுக்குப் போயிட்டாங்க. ஆனா மலாவியில தொடர்ந்து வாழ்ந்துச்சு. அங்க டொனால்ட் கச்சாம்பா விசில், அண்ணன் டேனியல் கிட்டார், கூட தேயிலைப் பெட்டியில ஒரு கம்பும் கயிறும் கட்டுன, கனமான அடி ஸ்வரத்துக்கான பேஸ் வாத்தியம். நம்ம வடசென்னை கானா பசங்க கையில கிடைச்ச சட்டி, டப்பால தாளம் பிடிக்கற மாதிரியேதான். ஆஸ்திரிய ஆய்வாளர் கெர்ஹார்ட் குபிக் இவங்களைப் பதிவு பண்ணதோட நிக்காம, அதே குழுவுல கிளாரினெட் வாசிக்கவே சேந்துட்டார். டொனால்ட் 2001ல இறந்தார்.

கேக்கறதுக்கு முதல்ல 'ஏஸ் ப்ளூஸ்', அப்புறம் 'டாம் ஹார்க்', அப்புறம் கச்சாம்பா. நாலே கார்டு (ஒண்ணா சேந்து ஒலிக்கற ஸ்வரக் கூட்டம்) திரும்பத் திரும்ப சுத்திட்டு இருக்கும், மேல விசில் என்ன பண்ணுதுன்னு மட்டும் கவனிங்க. கத்துக்க ஸ்கூல்ல தர்ற ரெக்கார்டர்ங்கற பிளாஸ்டிக் ஊதுகுழல் உதவாது, அதோட மூக்கு நீளம், வெட்டு வாய்க்குள்ள வராது. முழுக்க உலோகத்துல, வெட்டு நுனிக்கு ரொம்பக் கிட்ட இருக்கற விசிலா பாத்து வாங்குங்க. முதல்ல நேரா ஊதிப் பழகி, ஆறு ஓட்டையும் சுத்தமா மூட வந்தப்புறம் கன்னத்துக்குக் கொண்டு போங்க, ஆரம்பத்துல வெறும் காத்துதான் வரும், வெட்டை எவ்வளவு உள்ள வச்சா சத்தம் பிடிக்குதுன்னு கொஞ்சம் கொஞ்சமா நகத்திப் பாத்துக்கிட்டே இருங்க.