மண் வேலை: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: ஐயா, களிமண்ணில் கோப்பை செய்யக் கற்று வருகிறேன். உலரும்போதே கைப்பிடி ஒட்டிய இடத்தில் விரிசல் விழுகிறது. தப்பிய கோப்பைகளிலோ, சூளையிலிருந்து எடுத்துப் பார்த்தால் கிளேஸ் (சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு) ஆங்காங்கே விலகி மண் தெரிகிறது. பூசும் விதத்தில் தவறு செய்கிறேனா?

பதில்: பூச்சுக்கு வருமுன் விரிசலைப் பார்ப்போம். களிமண் ஈரத்தை இழக்க இழக்கச் சுருங்கும். பாதி உலர்ந்த கோப்பையில் ஈரமான கைப்பிடியை ஒட்டினால், கைப்பிடி கூடுதலாகச் சுருங்கி ஒட்டிய இடத்தைப் பிளந்துவிடும். ஆகவே, நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், கையில் எடுத்தால் வடிவம் குலையக் கூடாது என்னும் பதத்தில் இரண்டும் இருக்கும்போதே ஒட்டுங்கள். ஒட்டும் பரப்புகள் இரண்டையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதே மண்ணைக் கரைத்த குழம்பைத் தடவி, லேசாக அசைத்தபடி அழுத்தினால், கைப்பிடி நகர மறுத்துப் பிடித்துக்கொள்ளும் கணம் விரலுக்கே தெரியும். பலரும் அத்துடன் வேலை முடிந்ததாக எண்ணி மின்விசிறிக்கடியில் வைத்துவிடுகிறார்கள். மெலிந்த கைப்பிடி கோப்பையைவிட விரைவில் உலரும் என்பதால், பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடி, ஓரிரு நாள் ஈரம் சமமாகப் பரவவிட்டு, பிறகு மெல்லத் திறந்து உலர்த்துவதே சரி. கன்னத்தில் வைத்தால் சில்லென்றிருக்கும் கோப்பையில் இன்னும் ஈரம் உண்டு. அதை அவசரப்பட்டுச் சுட்டால், உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மண்ணையே வெடிக்கச் செய்யும்.

இனி கிளேஸ். ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் முதல் முறை சுட்ட மண்ணில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். அவை கரைசலின் நீரை உறிஞ்சிக்கொள்ள, கிளேஸ் பொடி மேலே படிகிறது. தூசியோ கையின் எண்ணெய்ப் பசையோ பட்ட இடத்தில் அது சரியாகப் பிடிக்காமல், சூளையில் உருகும்போது ஒதுங்கிவிடும். எனவே ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகே பூசுங்கள். மிகத் தடிமனாகப் பூசினாலும் இதே குறை வரும். பூச்சு உலர்ந்ததும் மயிரிழை வெடிப்புகள் தென்பட்டால், தயங்காமல் கழுவிவிட்டு மறுபடி பூசுவதே நல்லது. அடிப்பாகத்தில் மட்டும் பூச்சைத் துடைத்துவிடுங்கள், இல்லையேல் கோப்பை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: எந்தக் கிளேஸையும் எந்த மண்ணிலும் பூசலாமா?

பதில்: கூடாது. இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு உரியவையாக இருக்க வேண்டும். 1250 டிகிரியில் உருகும் கிளேஸுக்காக, 1100 டிகிரிக்குரிய மண்ணை அந்த அளவுக்குச் சூடேற்றினால் பாண்டமே தளர்ந்து சரிந்துவிடும். வெப்பநிலை பொருந்தினாலும், ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் மேற்பரப்பில் வலைபோல் கீறல்கள் விழும். அதனால் புதிய கிளேஸை முதலில் அதே மண்ணில் செய்த சிறு வில்லையில் பூசிச் சுட்டுப் பார்த்துவிடுங்கள்.