பைக் செயின் டைட் பண்ணியும் சத்தம் நிக்கல, செயின் செட் மாத்தச் சொல்றாங்க. வீட்டிலேயே பாத்துக் கண்டுபிடிக்க வழி இருக்கா?

இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா போக முடியல. மெக்கானிக் திரும்பத் திரும்ப டைட் பண்ணியும் ஒரு வாரம் கூட தாங்கல, இப்போ செயினும் அது மாட்டுற முன், பின் பல் சக்கரமும் (ஸ்ப்ராக்கெட், நாம பிராக்கெட்னு சொல்றது) சேந்த முழு செட்டும் போச்சுங்கிறாரு, அது நெசமான்னு கேட்டிருக்கீங்க. எழுதியிருக்குற விதத்த பாத்தா வேலைக்குப் போயிட்டு வர்ற தம்பின்னு தோணுது, வண்டியும் 100, 110 சிசியாத்தான் இருக்கும், மாசக் கடைசியில இந்தச் செலவு வந்து நிக்குதுன்னு நெனைக்கிறேன். அப்படியே வச்சுக்கிட்டு சொல்றேன்.

அளந்து பாக்குற வரைக்கும் இனிமே யாரையும் டைட் பண்ண விடாதீங்க. லூசா இருக்குற செயின் கவர்ல அடிச்சு டக் டக்னு சத்தம் போடும், அதனால எல்லாரும் அதுக்குத்தான் பயப்படுறாங்க. அளவுக்கு மேல டைட்டா இருக்குற செயின் அப்படி அடிக்காம, மிஞ்சுனா ஒரு முனகலோட இன்ஜின் பக்கம் சின்ன பிராக்கெட் மாட்டியிருக்குற ஷாப்ட்டோட பேரிங்கையும் பின் வீல் பேரிங்கையும் தின்னுடும், அது கெட்டா செயின் செட் விலையெல்லாம் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்.

நான் வலங்கைமான் பக்கம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, அவங்க வச்சுட்டுப் போன ஸ்பிளெண்டர்தான் நான் ஓட்டுறது. ஜாக்கெட், சுடிதார் தைச்சு கும்பகோணத்துல கடைங்களுக்குக் கொடுக்குறேன், பின்னாடி துணி மூட்ட கட்டிக்கிட்டு போவேன், சில நாள் மாமாவுக்கு உர மூட்டையும் ஏத்திட்டு வயல் வரைக்கும் போகணும். பொம்பள எதுக்கு கியர் வண்டி ஓட்டுற, ஸ்கூட்டி வாங்கிக்கலாமேன்னு கேக்குறவங்களுக்கு ஏற்கனவே வேற கேள்வியில பதில் எழுதிட்டேன், இங்க திரும்ப ஆரம்பிக்க வேணாம்.

போன ஐப்பசி மழையில வண்டி சத்தம் போட ஆரம்பிச்சுது. மெதுவா போறப்ப கரகரன்னு ஒரு சத்தம், ஆக்சிலேட்டர விட்டு திரும்ப முறுக்குனா பின்னாடி டொக்குனு ஒரு அடி. மெக்கானிக் கிட்ட கொண்டு போனேன். அவரு சென்டர் ஸ்டாண்ட் கூட போடல, கவர்ல இருக்குற ரப்பர் மூடிய புடுங்கி ஒத்த விரல உள்ள விட்டு பாத்தாரு, லூஸ்னாரு, டைட் பண்ணாரு. ரெண்டு நாள் சத்தம் கம்மியா இருந்துச்சு, அப்புறம் ஊஊன்னு ஒரு முனகல் சேந்துக்கிச்சு, திரும்ப போனா திரும்ப டைட்டு. கடைசியா, செட்டு போச்சுன்னாரு. அதக்கூட எங்கிட்ட சொல்லல, கூட வந்த ஏழாவது படிக்கிற என் பையனப் பாத்து, "தம்பி, அப்பா போன் பண்ணா சொல்லு, செயின் செட்டு மாத்தணும்னு" அப்படின்னாரு. வண்டிய ஓட்டிட்டு வந்தவ நான், காசு கொடுக்கப் போறவ நான். ஒண்ணும் பேசாம வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து பையனோட ஸ்கேல எடுத்தேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரல்ல வச்சு, பின் வீல கையால சுத்தி, கீழ்ப்பக்கம் போற செயினோட நடுவுல மேலயும் கீழயும் தள்ளி எவ்வளவு ஆடுதுன்னு அளக்கணும். என் வண்டிக்கு 20லேர்ந்து 30 மில்லிமீட்டர், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு புக்குல போட்டிருக்கும். ஒரு எடத்துல மட்டும் அளந்துட்டு விட்டுடக் கூடாது, இதுதான் முக்கியம், கொஞ்சம் கொஞ்சமா வீல சுத்தி முழுச் செயினும் வந்து போற வரைக்கும் அளக்கணும். எனக்கு ஒரு எடத்துல 25 காட்டுச்சு, இன்னும் கொஞ்சம் சுத்துனா அசையவே இல்ல, கம்பி மாதிரி நிக்குது. மெக்கானிக் விரல் விட்ட எடம் லூசான எடம், அத வச்சு டைட் பண்ணதுல இன்னொரு எடம் இழுத்துப் புடிச்சுக்கிச்சு, அந்த முனகல் வந்தது அதனாலதான். இதுல ஆள் வேற ஏறி உக்காந்தா பின் வீல் மேல ஏறும், முன் பிராக்கெட்டுக்கும் பின் பிராக்கெட்டுக்கும் நடுவுல தூரம் கூடும், செயின் இன்னும் விறைக்கும். மூட்ட ஏத்துற வண்டிய சும்மா நிக்க வச்சு டைட் பாத்தா பத்தாது, ஒருத்தர உக்கார வச்சும் ஒரு தடவ பாருங்க.

இப்படி எடத்துக்கு எடம் மாறுச்சுன்னா சில கண்ணிங்க இறுகிப் போயிருக்கும், இல்ல செயினே ஒரே மாதிரி தேயாம தேஞ்சிருக்கும். எதுன்னு தெரிய கவர கழட்டித்தான் ஆகணும். கழட்டுனா உள்ள சேறும் வைக்கோலும் ஒரு படி இருந்துச்சு. தாளடி (ரெண்டாம் போக நெல்லு) நடவு நேரத்துல கேஜ் வீலோட, அதான் சேத்துல உழ மாட்டுற இரும்புச் சக்கரத்தோட, டிராக்டர் வயல்லேர்ந்து அப்படியே தார் ரோட்டுல ஏறி வருது, சேத்த ரோடு பூரா கொட்டிட்டுப் போகுது, அதுல போற வண்டி எல்லாத்துக்கும் இதே கதிதான். கவர் மூடியிருக்கறதால உள்ள ஒண்ணும் போகாதுன்னு நெனைக்காதீங்க, போனது வெளிய வராது, தண்ணியும் அப்படித்தான்.

தண்ணின்னு சொன்னதும் இதையும் சொல்லிடுறேன். எங்க தெருவுல ரோடு போடுறப்பல்லாம் பழைய ரோட்ட சுரண்டாம மேலயே போட்டு போட்டு இப்போ ரோடு எங்க திண்ணை உயரத்துக்கு வந்துடுச்சு. அத்தை கல்யாணமாகி வந்தப்ப நாலு படி ஏறி வீட்டுக்குள்ள வந்தாங்களாம், இப்போ நாங்க ரோட்லேர்ந்து வீட்டுக்கு எறங்குறோம். மழைன்னா வாசல்ல முழங்கால் தண்ணி, வண்டிய நிறுத்த எடம் கெடையாது, ராத்திரி பூரா செயின் வரைக்கும் தண்ணியில நிக்குது. பழைய தார சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு விதியே இருக்கு, கேட்டா அடுத்த தடவ பாக்குறோம்கிறாங்க. வீட்ட ஜாக்கி வச்சு தூக்குறதுக்கு எங்க கிட்ட காசு இல்ல. செயின் ஏன் துருப் புடிக்குதுன்னு என்னைக் கேட்டா நான் ரோட்டத்தான் காட்டுவேன்.

சரி, செயினுக்கு வர்றேன். சேத்த வழிச்சுட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ல டீசல தொட்டு கண்ணி கண்ணியா தேச்சேன். டீசல் ஆகாது, மண்ணெண்ணெய்தான்னு யாராவது வருவீங்க. மண்ணெண்ணெய் கெடைச்சா அதுதான் நல்லது, எங்க ஊர்ல இப்போ கெடைக்கறதில்ல, என்னுது ரப்பர் வளையம் இல்லாத சாதா செயின், அதனால டீசல் போட்டேன். பெரிய வண்டிங்கள்ல கண்ணிக்குள்ள ஓ-ரிங் வச்ச செயின் வரும், அதுக்கு பெட்ரோலும் ஆகாது, கம்பி பிரஷும் ஆகாது, மண்ணெண்ணெய்யோட துணியும் சாப்ட் பிரஷும் போதும். அழுக்கு போனதுக்கப்புறம் பாத்தா சில கண்ணிங்க மடங்குன மாதிரியே நிக்குது, நேராகல. அதுல டீசல ஊற விட்டு ரெண்டு கையாலயும் புடிச்சு முன்னும் பின்னுமா அசைச்சு அசைச்சு இளக்குனேன், எல்லாமே வந்துடுச்சு. நல்லா துடைச்சு காய விட்டு, 90 நம்பர் கியர் ஆயில கீழ்ப்பக்கச் செயினோட உள்பக்கம் சொட்டு சொட்டா விட்டு வீல கையால சுத்துனேன், மிச்ச ஆயில துணியால துடைச்சுட்டேன், விட்டா அதுலயே மண்ணு ஒட்டும்.

கையாலன்னு சொன்னத திரும்ப சொல்றேன். இன்ஜின ஆன் பண்ணி கியர்ல ஓட விட்டு செயின துடைக்கிற வீடியோ போடுறாங்களே, அத பாத்து செய்யாதீங்க. துணி மாட்டுனா விரல் பிராக்கெட்டுக்குள்ள போயிடும், விரல் திரும்ப வராது. உங்க வீட்டுப் பசங்க பக்கத்துல நின்னா சாவிய எடுத்து உள்ள வச்சுட்டு வேலைய பாருங்க.

அப்புறம் செட் நெசமாவே போச்சான்னு பாக்க ஸ்கேல் போதும். சின்ன வண்டி பலதுலயும் 428 சைஸ் செயின்தான், தகட்டுலயே அச்சு இருக்கும். ஒரு கண்ணிக்கு அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். கியர்ல போட்டு பின் வீல முன்பக்கமா தள்ளிப் புடிச்சா கீழ்ச் செயின் விறைப்பா நிக்கும், கண்ணிங்கள கோக்குற ஒரு பின்னோட (pin) நடுவுல ஸ்கேலோட சைபர வச்சு அடுத்ததுலேர்ந்து எண்ணி இருபதாவது பின்னோட நடு வரைக்கும் அளங்க. புதுசுல 254 இருக்கும். 256, 257ன்னா காசு சேக்க ஆரம்பிக்கலாம், 259ன்னா யோசிக்காம மாத்துங்க. செயின் நீண்டுடுச்சுன்னு சொல்றோமே தவிர தகடு நீள்றதில்ல, உள்ள பின்னும் அது மேல குழாய் மாதிரி இருக்குற புஷ்ஷும் தேஞ்ச தேய்மானம் கண்ணிக்கு கண்ணி சேந்து நீளமா தெரியுது. பெரிய பிராக்கெட்டோட பின்பக்கத்துல செயின புடிச்சு இழுத்தும் பாருங்க, பாதிப் பல்லுக்கு மேல வெளிய தெரிஞ்சாலோ, பல்லு ஒரு பக்கமா கொக்கி மாதிரி சாஞ்சிருந்தாலோ அது முடிஞ்ச செட்டுதான்.

எனக்கு 255தான் வந்துச்சு, பல்லும் நேரா இருந்துச்சு. அப்போ அந்த டொக்கு எங்கேர்ந்து? கியர்ல போட்டுட்டு வீல முன்னும் பின்னும் ஆட்டுனா பிராக்கெட் நிக்குது, வீல் மட்டும் தனியா ஆடுது. வீலோட நடு ஹப்புக்குள்ள, பிராக்கெட் இழுக்குற அதிர்ச்சிய தாங்குற கப்ளிங் ரப்பர் நாலும் நைஞ்சு போயிருந்துச்சு. செட் விலைக்குப் பக்கத்துலயே வராது அந்த ரப்பர். வீல கழட்டி நானே மாத்துனேன், மாமாதான் டயர புடிச்சுக்கிட்டாங்க. சத்தம் எல்லாம் போச்சு.

மெக்கானிக்குங்க பொழப்புல மண்ணு போடுறேன்னு எழுதாதீங்க. கிளட்ச்சுக்கும் இன்ஜின் போர் வேலைக்கும் இன்னிக்கும் அவங்க கிட்டத்தான் போறேன், நல்ல கைக்காரங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அளக்காம சொல்லாதீங்க, வண்டி ஓட்டுறவங்க மூஞ்சிய பாத்து பதில் சொல்லுங்க, கேக்குறது அவ்வளவுதான். செட்டே மாத்த வேணாம்னும் நான் சொல்லல. அளவு தாண்டுனா செயினும் ரெண்டு பிராக்கெட்டும் சேத்துத்தான் மாத்தணும், தேஞ்ச பல்லு புதுச் செயின சீக்கிரமே கெடுத்துடும். ரோலான், டயமண்ட்னு கோயம்புத்தூர் கம்பெனியும் சென்னை கம்பெனியும் செய்யுற நல்ல செயினே இருக்கு, அட்டப்பெட்டி இல்லாம தர்றத மட்டும் வாங்காதீங்க. வேதாரண்யத்துல இருக்குற என் தம்பிக்கு உப்பளத்து ரோடு, அவனுக்கு துரு இன்னும் சீக்கிரம் வரும், அவன் வாராவாரம் ஆயில் போடுறான். நாங்க 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ, மழையில நனைஞ்சா மறுநாளே.

நீங்களே டைட்ட சரி பண்றதா இருந்தா ஆக்சில் நட்டையும் செயின் பக்கம் இருக்குற ஸ்லீவ் நட்டையும் இளக்கிட்டு, ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்புங்க, பின் வீல தாங்குற ஸ்விங் ஆர்ம்ல இருக்குற கோடு ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில நிக்கணும். ரொம்ப டைட்டான எடத்த வச்சு அளவு வைங்க. டிரம் பிரேக்னா வீல் பின்னாடி போனதும் பிரேக் ராடு இழுத்துக்கும், அதையும் இளக்கி பெடல் கொஞ்சம் ப்ரீயா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ரோட்டுல எறக்கணும். செயினோட ரெண்டு முனையையும் சேக்குற கிளிப்ப, அதான் செயின் லாக்க, கழட்டுனீங்கன்னா மேல்பக்கம் வர்றப்ப அதோட மூடுன முனை முன்னாடி பாத்து இருக்கணும், மாத்திப் போட்டா ஓட்டத்துல கழண்டுடும்.

இருபது கண்ணி அளந்து எத்தனை வருதுன்னும், எடத்துக்கு எடம் ஆட்டம் எவ்வளவு மாறுதுன்னும், வண்டி என்னன்னும் கீழ எழுதுங்க தம்பி. சாயங்காலம் தையல் முடிச்சுட்டு பாத்து பதில் சொல்றேன்.