எராஸ்மஸ் பிளஸ்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

எராஸ்மஸ் பிளஸ் என்பது கல்வி, இளைஞர், விளையாட்டு ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியம் பணம் தரும் திட்டம். அதில் உதவித்தொகையோடு படிக்கக்கூடிய எராஸ்மஸ் முண்டுஸ் முதுகலையை முடித்தவள் என்பதால் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, திருச்சியில் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். எராஸ்மஸ் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தானே?

இல்லை தம்பி. 1987-இல் தொடங்கும்போது ஐரோப்பிய நாடுகளுக்குள் மாறிப் படிப்பதற்கான திட்டமாகத்தான் இருந்தது. 2004-இல் எராஸ்மஸ் முண்டுஸ் வந்த பிறகு எந்த நாட்டவரும் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாம். குறைந்தது மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு படிப்பை நடத்தும், அதில் இரண்டு நாடுகளிலாவது நீங்கள் படிப்பீர்கள். கடைசி வருட மாணவர்களைப் பெரும்பாலான படிப்புகள் ஏற்கின்றன. பொதுவாக அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பம் வாங்குவார்கள், அதை நேராக அந்தப் படிப்பை நடத்துபவர்களுக்கே அனுப்ப வேண்டும். ஏஜென்ட் எதற்கும் தேவையில்லை, "சீட் வாங்கித் தருகிறேன்" என்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை மாதம் 1400 யூரோ போதுமா?

கல்விக் கட்டணம் இதில் சேராது, அதை உதவித்தொகை பெறுபவர் கட்ட வேண்டியதே இல்லை. டிக்கெட், விசா, வாடகை, சாப்பாடு எல்லாம் இந்த 1400-க்குள். அதிகபட்சம் 24 மாதம் தருவார்கள். சின்ன ஊர் என்றால் தாராளமாகப் போதும். சிக்கல் முதல் மாதத்தில்தான், ஏனென்றால் பணம் பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும், ஆனால் டிக்கெட்டும் விசாவும் வீட்டு அட்வான்ஸும் அதற்கு முன்னாலேயே கட்டியாக வேண்டும். அப்புறம் நாடு மாறும்போது மறுபடி வசிப்பிட அனுமதி, மறுபடி அட்வான்ஸ்; பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வருவதற்குள் புது வீட்டுக்காரர் கேட்பார். இதற்கென்று கொஞ்சம் பணம் புரட்டி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் சார் "நீயே எழுதிக் கொண்டு வா" என்கிறார்.

நம் கல்லூரிகளில் இது வழக்கமாகிவிட்டது, எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. கடிதமாக எழுதாதீர்கள், குறிப்புகளாக ஒரு பக்கம் கொடுங்கள். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்ற வரி எல்லோருடைய கடிதத்திலும் இருக்கும். "ஆய்வகத்தில் பம்ப் பழுதானபோது எல்லா அளவையும் மறுபடி எடுத்து அட்டவணையைத் திருத்தியது இவர்தான்" என்று நடந்ததைச் சார் எழுதினால் படிப்பவருக்கு உங்கள் முகம் தெரியும். கல்லூரி மின்னஞ்சலிலிருந்தே அனுப்பச் சொல்லுங்கள், ஜிமெயிலில் வரும் பரிந்துரையைச் சில படிப்புகள் ஏற்பதில்லை.

மாவட்ட அளவில் கபடி ஆடுகிறேன். எராஸ்மஸ் பிளஸில் விளையாட்டுக்கும் பணம் உண்டாமே?

உண்டு, ஆனால் தனி வீரருக்கு இல்லை. அடிமட்ட அளவில் விளையாட்டை வளர்க்கிற அமைப்புகளுக்கும், அங்குள்ள பயிற்றுநர்கள் வேறு நாட்டுக்குப் போய்க் கற்றுக்கொள்வதற்கும்தான் அந்தப் பணம். உங்கள் ஆட்டத்துக்கு இது வழியில்லை.

நாங்கள் ஜெர்மனியில் இருக்கிறோம். மகளுக்கு 15 வயது, எராஸ்மஸ் பிளஸில் இப்போதே வேறு நாட்டுக்குப் போகலாமா?

தாராளமாக. இளைஞர் பரிமாற்றத்துக்கு 13 முதல் 30 வயது வரை தகுதி உண்டு, மதிப்பெண் கேட்க மாட்டார்கள். 5 முதல் 21 நாள் வரை இன்னொரு நாட்டு இளைஞர்களோடு தங்கி ஒரு தலைப்பில் சேர்ந்து வேலை செய்வார்கள். தனியாக விண்ணப்பிக்க முடியாது, குழுவாகத்தான் போக வேண்டும், கூடப் பெரியவர்களும் வருவார்கள். உங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் கேளுங்கள். அவர்கள் இதுவரை செய்ததில்லை என்றால், நாட்டுக்கு நாடு இதற்கென்றே இருக்கும் தேசிய முகமையில் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லித் தருவார்கள்.